கீரிப்பூச்சி: மாத்திரையோடு முடியாத பணி

குழந்தை நலத் திட்டங்களில் உணவுக்கும் தடுப்பூசிக்கும் முதலிடம் தரப்படுவது முறையே. எனினும் குழந்தையின் வளர்ச்சிக்கு நல்லுறக்கமும் இன்றியமையாதது. அவ்வுறக்கத்தை இரவுதோறும் கெடுக்கும் காரணங்களுள் ஒன்று, அரை அங்குல நீளமே உள்ள ஒரு வெண்ணிறப் புழு. மக்கள் இதனைக் கீரிப்பூச்சி என்பர். நூல் துண்டு போன்ற தோற்றத்தால் நூற்புழு என்றும் வழங்குவர். இதனால் உயிருக்கு ஊறு நேர்வது மிக அரிது. ஆதலின் பொதுநல அறிக்கைகளில் இது பெரிதும் இடம்பெறுவதில்லை. ஆயினும் சிறு குழந்தைகள் உள்ள இல்லங்களில் இது தரும் தொல்லை சிறிதன்று. அமெரிக்கா, மேற்கு ஐரோப்பா போன்ற செல்வம் மிக்க நாடுகளிலும் மிகப் பரவலாகக் காணப்படும் குடற்புழு இதுவேயாகும்.

இந்நாட்டில் குடற்புழுக்களை நீக்கும் மாத்திரை குழந்தைகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. அம்மாத்திரை கீரிப்பூச்சியையும் கொல்லும் தன்மையது. அவ்வாறிருந்தும் சில வாரங்களிலேயே அதே குழந்தை மீண்டும் இரவில் அரிப்பால் அழுவது ஏன்? இவ்வினாவுக்கு விடை இப்புழுவின் வாழ்க்கை முறையில் அடங்கியுள்ளது. அதனை அறிந்துகொண்டால், இதை ஒழிக்கும் பணியில் பாதியை மருந்தும் மறுபாதியை இல்லமும் செய்ய வேண்டியிருப்பது விளங்கும்.

புழுவின் வாழ்க்கைச் சுற்று

என்டரோபியஸ் வெர்மிகுலாரிஸ் என்பது கீரிப்பூச்சியின் அறிவியற் பெயர். பெண் புழு 8 முதல் 13 மில்லிமீட்டர் வரை நீளமுடையது. ஆண் புழு அதனினும் சிறியது. இவை பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் வாழ்கின்றன. சூல் முதிர்ந்த பெண் புழு, குழந்தை உறங்கியபின் குடல் வழியே கீழிறங்கி ஆசனவாய்க்கு வெளியே வருகிறது. அங்குள்ள தோல் மடிப்புகளில் 10,000க்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டுவிட்டு மடிகிறது. புழுவின் நடமாட்டத்தாலும், முட்டைகள் ஒட்டிக்கொள்ள உதவும் பசைப் பொருளாலும் கடும் அரிப்பு உண்டாகிறது.

குழந்தை உறக்கத்திலேயே சொறிகிறது. கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் நகக்கண்களில் தங்குகின்றன. காலையில் அதே விரல் வாய்க்குள் செல்லும்போது சுற்று மீண்டும் தொடங்குகிறது. முட்டைகள் இடப்பட்ட 4 முதல் 6 மணி நேரத்துக்குள் தொற்றும் திறன் பெற்றுவிடுகின்றன. அதாவது, இரவில் இடப்பட்ட முட்டை விடியற்காலையில் தொற்றுக்கு ஆயத்தமாக உள்ளது. விழுங்கப்பட்ட முட்டை சிறுகுடலில் பொரிந்து, வளர்ந்து, தானே முட்டையிடும் நிலையை அடைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது.

விரலில் ஒட்டாத முட்டைகள் உள்ளாடை, பாய், போர்வை, தலையணை, விளையாட்டுப் பொருள், கதவுக் கைப்பிடி, குழாய்த் திருகு ஆகியவற்றில் படிகின்றன. ஈரப்பதம் நிறைந்த அறைக்குள் அவை இரண்டு மூன்று வாரங்கள் வரை உயிருடன் இருக்கக்கூடும். போர்வையை உதறும்போது தூசியுடன் எழும் முட்டைகள் பிறரின் வாய்க்கும் சென்றடையலாம். ஒரு குழந்தைக்குக் கீரிப்பூச்சி இருப்பின், உடன் உறங்குவோருக்கும் அது இருக்கும் வாய்ப்பு மிகுதி என மருத்துவர்கள் கொள்வது இதனாலேயே.

மண்வழிப் புழுவும் மனைவழிப் புழுவும்

தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 பிப்ரவரியில் 11 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் தொடங்கப்பெற்று, 2016இல் நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாட்களை ஒட்டி, 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகிறது. இரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு 400 மில்லிகிராம் கொண்ட முழு மாத்திரையும், ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அதில் பாதியும் அளவாகும்.

இத்திட்டம் முதன்மையாக மண்வழிப் பரவும் புழுக்களைக் குறிவைத்து வகுக்கப்பட்டது. உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்கள் இவற்றால் பாதிக்கப்பட்டுள்ளனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. உருண்டைப்புழுவின் முட்டை மலத்துடன் வெளியேறி, மண்ணில் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்த பின்னரே தொற்றும் திறன் பெறுகிறது. கொக்கிப்புழுவின் இளம் பருவம் மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுகிறது. இவ்விரண்டுக்கும் மண் இடைத்தரகராக உள்ளது. ஆதலின் கழிப்பறை வசதியும் காலணியும் அவற்றைத் தடுக்கும் அரண்களாகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாத்திரை தருவதும் அவற்றின் சுமையைக் குறைக்கப் போதுமானதாகிறது.

கீரிப்பூச்சிக்கோ மண் வேண்டியதில்லை. விரலிலிருந்து வாய்க்கு, பாயிலிருந்து விரலுக்கு என அதன் பயணம் முழுவதும் இல்லத்துக்குள்ளேயே நிகழ்கிறது. அதன் தலைமுறை ஒரு மாதத்தில் முடிந்துவிடுவதால், பிப்ரவரியில் உண்ட மாத்திரைக்கும் ஆகஸ்டில் உண்ணும் மாத்திரைக்கும் இடையே அது பல தலைமுறைகளைக் கண்டுவிடும். இது திட்டத்தின் குறையன்று. அத்திட்டம் எட்டாத எல்லையில் குடும்பம் செய்ய வேண்டிய பணி ஒன்று எஞ்சியிருப்பதையே இது காட்டுகிறது.

வைட்ஃபீல்ட் தரும் பாடம்

பெங்களூரு நகரின் கிழக்கே உள்ள வைட்ஃபீல்ட் இவ்வுண்மையை எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்ற இடமாகும். 1882இல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் வழங்கிய நிலத்தில், யூரேசியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோரின் வேளாண் குடியிருப்பாக இவ்வூர் தோன்றியது. அச்சமூகத்தாரின் சங்கத்தை நிறுவிய வைட் என்பாரின் பெயரால் இது வழங்கலாயிற்று. 1990களில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா உருவானபின் ஊரின் தோற்றமே மாறியது. இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளும், அவற்றைக் கட்டும் தொழிலாளரும் அவற்றில் வீட்டுப்பணி செய்வோரும் வாழும் வரிசை வீடுகளும் அருகருகே காணப்படுகின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, வங்காளம் எனப் பல மொழிகளைப் பேசும் குடும்பங்கள் இங்கு வாழ்கின்றன.

இவ்விரு வகை இல்லங்களுக்கும் கழிப்பறை, குடிநீர், இடவசதி ஆகியவற்றில் வேறுபாடு பெரிது. கொக்கிப்புழு அவ்வேறுபாட்டைப் பின்பற்றிச் செல்லும், கீரிப்பூச்சி பின்பற்றுவதில்லை. மாடிக் குடியிருப்பில் மெத்தையில் பெற்றோரை ஒட்டி உறங்கும் குழந்தையும், ஒற்றை அறையில் உடன்பிறந்தாருடன் ஒரே பாயில் உறங்கும் குழந்தையும் இதற்கு ஒன்றே. குழந்தைகள் காப்பகங்களும் இதன் பரவலுக்கு இடமளிக்கின்றன. பெண் தொழிலாளர் 50 பேருக்கு மேல் பணிபுரியும் கட்டுமானத் தளங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பிடம் அமைக்க வேண்டும் என 1996ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் ஏற்படுத்த வேண்டும் என 2017ஆம் ஆண்டின் மகப்பேற்றுச் சலுகைத் திருத்தச் சட்டம் கூறிற்று. தாய்மாருக்கு இவை பெரும் உதவியாகும். ஆயினும் பல குழந்தைகள் ஒரே விளையாட்டுப் பொருளைக் கையாண்டு, ஒரே விரிப்பில் உறங்கும் இடத்தில் கைகழுவும் பழக்கம் உறுதியாக இருத்தல் வேண்டும்.

இதிலிருந்து தெளிவாகும் கருத்து ஒன்றுண்டு. கீரிப்பூச்சி இருப்பது வறுமையின் அடையாளமும் அன்று; தூய்மையற்ற தாயின் அடையாளமும் அன்று. அவ்வாறு எண்ணி நாணுவோர் மருத்துவரிடம் கூறத் தயங்குவர். அண்டை வீட்டாரிடமும் காப்பகத்தாரிடமும் மறைப்பர். மறைக்கப்படும் தொற்று ஒரு குழந்தையிடமிருந்து மறு குழந்தைக்குச் சென்று, சுற்றித் திரும்பி முதற் குழந்தையிடமே வந்து சேரும்.

அறிகுறிகளும் சோதனையும்

பாதிக்கப்பட்ட குழந்தைகளுள் பலருக்கு எவ்வித அறிகுறியும் தோன்றுவதில்லை. தோன்றுமாயின், இரவில் ஆசனவாய்ப் பகுதியில் ஏற்படும் அரிப்பே முதன்மையானது. அதன் விளைவாக உறக்கக் குறைவு, பகலில் எரிச்சல், கவனக் குறைவு ஆகியன உண்டாகலாம். சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் பிடிப்பதும் உண்டு. பெண் குழந்தைகளிடம் புழுக்கள் பிறப்புறுப்புப் பகுதிக்கு நகர்ந்து அங்கும் அரிப்பையும் அழற்சியையும் உண்டாக்கலாம். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சுவது போல இது உறிஞ்சுவதில்லை. ஆதலின் குழந்தையிடம் இரத்தசோகையோ கடும் எடைக்குறைவோ காணப்பட்டால் வேறு காரணத்தைத் தேடுதல் வேண்டும்.

குழந்தை உறங்கிய இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பின் விளக்கொளியில் ஆசனவாயைப் பார்த்தால், நெளியும் வெள்ளை நூல் போன்ற புழுக்கள் தென்படலாம். மலத்தின் மேற்பரப்பிலும் சில வேளைகளில் அவை காணப்படும். சாதாரண மலப் பரிசோதனை இதற்குப் பெரிதும் பயன்படுவதில்லை; முட்டைகள் குடலுக்கு வெளியே இடப்படுவதே காரணம். மாறாக, 1941இல் கிரஹாம் என்பவர் விவரித்த ஒட்டுநாடா முறை இன்றும் கையாளப்படுகிறது. குழந்தை காலையில் எழுந்தவுடன், மலம் கழிப்பதற்கும் குளிப்பதற்கும் முன்னதாக, கண்ணாடி போன்ற ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தை ஆசனவாயைச் சுற்றிய தோலில் அழுத்தி எடுக்க வேண்டும். பின்னர் அதனைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரே நாள் சோதனையில் ஏறத்தாழப் பாதித் தொற்றுகளே புலப்படும். மூன்று நாள் தொடர்ந்து செய்தால் பத்தில் ஒன்பது புலப்படும்.

இரண்டாம் தவணையின் இன்றியமையாமை

அல்பெண்டசோல், மெபெண்டசோல், பைரன்டெல் ஆகிய மருந்துகள் கீரிப்பூச்சிக்குத் தரப்படுகின்றன. முதலிரண்டும் புழு சர்க்கரைச் சத்தை உட்கொள்ள இயலாதவாறு செய்து அதனைப் பட்டினியில் மடிவிக்கின்றன. பைரன்டெல் புழுவின் தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. மூன்றுக்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு: அவை புழுவைக் கொல்லும், முட்டையை நம்பத்தக்க அளவில் கொல்வதில்லை.

இரண்டாம் தவணையின் தேவை இங்கேயே எழுகிறது. முதல் நாள் மருந்து உண்ணும்போது குடலில் உள்ள புழுக்கள் மடிகின்றன. அதே நாளிலோ அடுத்த சில நாட்களிலோ விழுங்கப்பட்ட முட்டைகள் பொரிந்து வளரத் தொடங்கியிருக்கும். அவை முட்டையிட ஒரு மாதம் அளவு ஆகும். இரண்டு வாரம் கழித்து அதே மருந்தைத் தந்தால், அப்புதிய புழுக்கள் முட்டையிடும் முன்னரே அழிக்கப்படும். முதல் தவணையுடன் அரிப்பு நின்றுவிடுவதால் பல குடும்பங்கள் இரண்டாம் தவணையைக் கைவிடுகின்றன. தொற்று மீள்வதற்கு இது பெருங்காரணம்.

மருந்தைக் குழந்தைக்கு மட்டும் தருவதும் போதாது. ஒரே வீட்டில் வாழ்வோர் அனைவரும், அறிகுறி இல்லாதோரும் கூட, ஒரே நாளில் உண்பதே முறை. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு மருத்துவரின் கருத்தறிந்தே மருந்து தரல் வேண்டும். குறிப்பாக, கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் இம்மருந்துகள் தவிர்க்கப்படுகின்றன. அக்காலத்தில் தூய்மை முறைகளே துணை. சிறு குழந்தைகளுக்கு மாத்திரையைப் பொடித்து நீரில் கலந்து தருதல் நன்று. முழுதாக வாயிலிட்டால் புரையேறக்கூடும்.

இல்லத்தின் இரு வார ஒழுங்கு

மருந்து உடலுக்குள் செய்யும் பணியை, உடலுக்கு வெளியே இல்லம் செய்தல் வேண்டும். முதல் தவணை நாள் தொடங்கி இரண்டு வாரங்களேனும் கீழ்க்கண்ட ஒழுங்கைக் கடைப்பிடிப்பது பயன் தரும்.

முதலாவது, காலைத் தூய்மை. குழந்தை எழுந்தவுடன் அடிப்பகுதியைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும், இயன்றால் குளிப்பாட்டிவிடலாம். இரவில் இடப்பட்ட முட்டைகள் வீட்டில் பரவும் முன் நீருடன் வெளியேறிவிடும். உள்ளாடையையும் அப்போதே மாற்ற வேண்டும். இரவில் உடலை ஒட்டிய உள்ளாடை அணிவித்தல் விரல் தோலில் படுவதைத் தடுக்கும்.

இரண்டாவது, நகமும் கையும். வீட்டிலுள்ள அனைவரின் நகங்களும் ஒட்ட நறுக்கப்பட வேண்டும். நகம் கடித்தல், விரல் சூப்புதல் ஆகிய பழக்கங்களை அன்புடன் மாற்ற முயல வேண்டும். மலம் கழித்த பின்னும் உண்பதற்கு முன்னும் சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவுதல் அவசியம். நம் நாட்டில் தாய் குழந்தைக்கு மலம் கழுவிவிடுவதும், அதே தாய் சோறு பிசைந்து ஊட்டுவதும் இயல்பு. இவ்விரண்டுக்கும் இடையே சோப்பு இருத்தல் வேண்டும். கோவிட் பெருந்தொற்றுக்குப் பின் பல வீடுகளில் இடம்பெற்றுள்ள சாராயம் கலந்த கைத்தூய்மித் திரவம் இம்முட்டைகளுக்கு எதிராக நம்பத்தக்கதன்று. தேய்ப்பும் ஓடும் நீருமே அவற்றை அகற்றும்.

மூன்றாவது, துணியும் தரையும். மருந்துண்ட நாளில் பாய் விரிப்பு, போர்வை, தலையணை உறை, உள்ளாடை, துவாலை ஆகியவற்றை உதறாமல் சுருட்டி எடுத்துச் சென்று வெந்நீரில் துவைக்க வேண்டும். துவைத்தவற்றை வெயிலில் நன்கு உலர்த்த வேண்டும். தரையை வறண்ட நிலையில் பெருக்குவதினும் ஈரத்துணியால் துடைப்பது சிறந்தது. கழிப்பறைப் பீடம், குழாய்த் திருகு, கைப்பிடி, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றையும் கழுவிவிடலாம். ஒவ்வொருவருக்கும் தனித் துவாலை இருத்தல் நன்று.

நீர் அருகிய இடங்களில்

மேற்கூறிய ஒழுங்கு நீர் வளத்தை முன்னிறுத்துகிறது. வைட்ஃபீல்ட் சுற்றுப்புறத்தில் அவ்வளம் எப்போதும் எளிதாகக் கிடைத்ததில்லை. 2024 கோடையில் பெங்களூருவில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, மகாதேவபுரம் பகுதியில் லாரி நீரே பல குடும்பங்களுக்கு ஆதாரமாயிற்று. மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட 110 சிற்றூர்களுக்கு நீர் வழங்கும் நோக்குடைய காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. குடிநீர்த் திட்டங்கள் பொதுச் சுகாதாரத் திட்டங்களும் ஆகும் என்பதற்கு இது சான்று.

நீரை அளந்து செலவிட வேண்டிய வீடுகளில் எதற்கு முதலிடம் தருவது? காலையில் குழந்தையின் அடிப்பகுதியைக் கழுவ ஓரிரு குவளை நீரும், கைகழுவ ஒவ்வொரு முறையும் ஒரு குவளை நீரும் ஒதுக்கப்பட வேண்டும். இவை இரண்டும் விட்டுக்கொடுக்க இயலாதவை. உள்ளாடையை நாள்தோறும் துவைப்பது அடுத்தது. கனத்த போர்வைகளை மருந்துண்ணும் இரு நாட்களில் மட்டும் துவைத்தாலும், இடைநாட்களில் வெளியே கடும் வெயிலில் விரித்துப் போடலாம். வெயிலும் வறட்சியும் முட்டைகளின் ஆயுளைக் குறைக்கின்றன.

நம்பிக்கைகளும் உண்மையும்

இனிப்புத் தின்றால் பூச்சி வரும் என்பது பரவலான நம்பிக்கை. முட்டையை விழுங்காமல் புழு தோன்றாது. இனிப்பு தானே புழுவை உண்டாக்குவதில்லை. உறக்கத்தில் பல் கடிப்பது பூச்சியின் அடையாளம் என்பதும் உறுதியான சான்றற்றது. பூச்சியில்லாக் குழந்தைகளும் பல் கடிப்பதுண்டு. நாய், பூனை ஆகியவற்றிடமிருந்து கீரிப்பூச்சி வருவதில்லை. மனிதனே இதன் உறைவிடம். வேப்பங்கொழுந்தும் விளக்கெண்ணெயும் தந்து பூச்சி நீக்கும் வழக்கம் பல குடும்பங்களில் நிலவியது. குழந்தைக்கு வலிந்து பேதியாகச் செய்தல் நீரிழப்பை உண்டாக்கும். தோலில் ஒட்டிய முட்டைகளை அது தொடுவதேயில்லை.

பணியாளர் ஆற்ற வேண்டியது

1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியே அங்கன்வாடிப் பணியாளர் தாய்மாரை நேரில் அறிந்தவராக உள்ளார். குடற்புழு நீக்க நாளன்று மாத்திரை தரும்போது அவர் இரண்டு வினாக்களைச் சேர்த்துக் கேட்கலாம்: குழந்தைக்கு இரவில் அரிப்பு உண்டா? வீட்டில் வேறு யாருக்கேனும் உண்டா? ஆம் என்னும் விடை வருமாயின், ஆறு மாதம் காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகி, இரண்டாம் தவணையையும் குடும்பத்தார் அனைவருக்குமான மருந்தையும் பெறுமாறு வழிகாட்டலாம். வைட்ஃபீல்ட் போன்ற பன்மொழிப் பகுதிகளில் இவ்வறிவுரை தாயின் மொழியில் சென்றடைதல் முக்கியம்.

காப்பகங்களையும் பள்ளிகளையும் மேற்பார்வையிடும் அலுவலர், கைகழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா எனப் பார்த்தல் வேண்டும். கீரிப்பூச்சி கண்ட குழந்தையைப் பள்ளிக்கு வராமல் நிறுத்த வேண்டியதில்லை. அக்குழந்தையைச் சுட்டிக்காட்டிப் பேசுதலும் கூடாது. நிறுத்துவதாலும் சுட்டுவதாலும் பிற குடும்பங்கள் செய்தியை மறைக்கவே கற்றுக்கொள்ளும்.

வட அமெரிக்காவின் யூட்டா பகுதிக் குகைகளில் கிடைத்த ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழைமையுடைய மனித எச்சங்களில் இப்புழுவின் முட்டைகள் கண்டறியப்பட்டுள்ளன. அத்துணைக் காலம் மனிதனுடன் வாழ்ந்த உயிரை ஒரு மாத்திரையால் வீட்டை விட்டு அகற்றிவிட இயலாது. இரண்டு வார இடைவெளியில் இரு தவணை, வீட்டார் அனைவருக்கும் ஒரே நாளில் மருந்து, நறுக்கிய நகம், காலைக் கழுவல், உண்ணுமுன் சோப்பு ஆகிய ஐந்தும் ஒருங்கே அமைந்தால் அச்சங்கிலி அறுபடும். அவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. குழந்தையின் இரவு உறக்கமும் மறுநாட் பாடத்தில் அதன் கவனமும் அதனால் மீளும்.